பிள்ளைகளோடு டோக்கியோ: 6 நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

மே மாத விடுமுறையில் 6 நாள் டோக்கியோ போகிறோம். நானும் கணவரும், 9 வயது மகள், 5 வயது மகன், 67 வயது மாமியார். எல்லோரும் சுத்த சைவம். பார்க்க வேண்டிய 23 இடங்களை எழுதி வைத்திருக்கிறோம், எப்படி வரிசைப்படுத்துவது, டிஸ்னிலேண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 7 வருஷம் டோக்கியோவின் கிழக்குப் பக்கத்தில், நிஷி-கசாயில் குடியிருந்தவள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் நடை பழகினார்கள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு சுற்றியதும் நிறைய. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த 23-ஐ 7 ஆக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், மிஞ்சினால் பக்கத்திலேயே இன்னொரு சின்ன இடம், அவ்வளவுதான். டோக்கியோ மேப்பில் கிட்டக் கிட்டத் தெரியும். ஆனால் ஒரு ஸ்டேஷனுக்குள் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாறவே 10 நிமிஷம் நடக்க வேண்டியிருக்கும். ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு மட்டும் 200-க்கு மேல் வாசல்கள். தவறான வாசலில் வெளியே வந்துவிட்டால் 5 வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுற்றிவர அரை மணி நேரம் போய்விடும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது அந்தப் பட்டியலில் இருப்பவை மட்டும் இல்லை. ரயில், ஸ்டேஷன், தெருமுனை விற்பனை இயந்திரம், பார்க் என்று அந்த ஊர் தினமும் நடக்கிற விதமே அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. அதைப் பார்க்க நேரம் மிச்சம் வைத்தால்தான் இந்தப் பயணம் அவர்களுடையதாக இருக்கும்.

தேதியைப் பற்றி ஒன்று. ஏப்ரல் 29 தொடங்கி மே 5 வரை, சில வருஷம் 6 வரை, ஜப்பானில் தொடர் விடுமுறை. நாடே வெளியே கிளம்பிவிடும், ஹோட்டல் வாடகையும் ஏறிவிடும். ஜூன் தொடக்கத்தில் மழைக்காலம் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, மே 8-க்குப் பிறகு மாதக் கடைசி வரைக்குமான நாட்கள் அருமையானவை. நம்மூரில் கத்திரி வெயில் கொளுத்தும்போது அங்கே ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

அப்புறம் நேர வித்தியாசம். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 7 மணி என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு அதிகாலை மூன்றரை. முதல் மூன்று நாளாவது ஒன்பதரைக்கு முன் எழமாட்டார்கள், இரவு 11 மணிக்கும் தூங்கமாட்டார்கள். இதை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள், அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை ரயில்களில் நிற்கவே இடமிருக்காது, அந்த நேரத்தில் பிள்ளைகள் தூங்குவது நல்லதுதான். நிதானமாகப் பத்தரைக்குக் கிளம்புங்கள். அவர்கள் விழித்திருக்கும் இரவில் ஷின்ஜுகுவில் இருக்கும் டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆவது மாடிக்குக் கூட்டிப்போங்கள். தரையிலிருந்து 202 மீட்டர் உயரம், டிக்கெட் கிடையாது, இருட்டிய பிறகும் திறந்திருக்கும். ஊர் முழுக்க விளக்காகத் தெரியும். 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுரம் இன்னும் உயரம்தான். ஆனால் 5 பேருக்கு டிக்கெட் எடுத்தால் பெரிய தொகை வரும், பிள்ளைகளுக்கோ இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்கைட்ரீயைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தாலே போதும்.

தங்க உவேனோ அல்லது அசகுசா பக்கம் பாருங்கள். சமதரை, ஏற்ற இறக்கம் குறைவு, மாமியாருக்கு நடக்க வசதி. நரிதா, ஹனேதா இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் ரயில் மாறாமல் அசகுசாவுக்கு வர முடியும். ஹோட்டல் அறைகள் மிகச் சின்னவை, பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. அதனால் சின்ன சமையலறை உள்ள குடும்ப அறை, முடிந்தால் ததாமி பாய் விரித்த அறையாக எடுங்கள். தரையில் மெத்தை போட்டு எல்லோரும் வரிசையாகப் படுக்கலாம். 5 வயதுக்காரன் கட்டிலிலிருந்து விழுவானோ என்ற கவலையும் இருக்காது.

இப்போது ரயில். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். மகனுக்கு டிக்கெட் வேண்டாம். பள்ளி சேராத 1 முதல் 5 வயதுப் பிள்ளைகள், டிக்கெட் எடுத்த ஒருவரோடு இரண்டு பேர் வரை இலவசமாகப் போகலாம். மகளுக்குப் பாதிக் கட்டணம். பணம் ஏற்றி, டிக்கெட்டுக்குப் பதிலாக கேட்டில் வைத்துப் போகும் குழந்தைகளுக்கான கார்டு ஒன்றை அவள் பெயரில் வாங்கிக் கொடுங்கள். பாஸ்போர்ட் காட்டினால் விமான நிலைய ரயில் கவுன்ட்டரிலேயே தருவார்கள். அவள் அந்தக் கார்டைக் கேட்டில் வைத்ததும் கோழிக்குஞ்சு கத்துவதுபோல "பியோ பியோ" என்று ஒரு சத்தம் வரும். பெரியவர்கள் கார்டுக்கு வெறும் "பிப்"தான். என் மகள் முதல் முறை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை உள்ளே போகலாமா அம்மா என்று கேட்டாள். மகனும் தனக்கொன்று கேட்டு அழுவான், அதற்குத் தயாராக இருங்கள்.

வழி கண்டுபிடிக்கும் வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. டோக்கியோவில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு நிறம், ஒரு ஆங்கில எழுத்து. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு எண். கின்சா லைன் ஆரஞ்சு நிறம், எழுத்து ஜி. அதில் உவேனோ 16, அசகுசா 19. உவேனோவிலிருந்து அசகுசாவுக்குப் போகும்போது எண் கூடிக்கொண்டே போனால் சரியான திசை, குறைந்தால் எதிர்த்திசை. 9 வயதுப் பெண்ணுக்கு இது தாராளமாகப் புரியும். அந்தக் கின்சா லைனின் உவேனோ–அசகுசா பகுதிதான் ஆசியாவிலேயே முதலில் ஓடிய சுரங்க ரயில், 1927-இல் திறந்தது. வெறும் 2.2 கிலோமீட்டர். முதல் நாள் அந்தத் தூரத்துக்கு அவளை வழிகாட்டச் சொல்லுங்கள். அடுத்த நாள் வேறு லைன் மாறும் பயணத்தை அவள் தானே கேட்டு வாங்கிக்கொள்வாள்.

கூடவே கோடு போடாத ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். டோக்கியோவின் பல ஸ்டேஷன்களில் அந்தந்த ஊருக்கென்று செய்த பெரிய ரப்பர் முத்திரை வைத்திருப்பார்கள், மைப்பெட்டியோடு. டிக்கெட் கேட் பக்கத்தில் ஒரு சின்ன மேஜையில் இருக்கும். கண்ணில் படவில்லையென்றால் ஊழியரிடம் "ஸ்டாம்ப்" என்று சொன்னாலே கையைக் காட்டுவார். காசு கிடையாது. முத்திரையை மையில் நன்றாக ஒற்றி, நோட்டில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, ஆடாமல் மெதுவாக எடுக்க வேண்டும். என் மகன் அழுத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். ஒரு ஓரம் மங்கிவிட்டால் அடுத்த பக்கத்தில் மறுபடி. அவனுக்கு நாக்கு லேசாக வெளியே நீண்டிருக்கும், பின்னால் இரண்டு ஜப்பானியத் தாத்தாக்கள் பொறுமையாக வரிசையில் நிற்பார்கள். இதற்காகவே பச்சை நிற யமனோதே லைனில் ஒரு அரை நாள் போகலாம். வட்டமாக ஓடும் லைன், 34.5 கிலோமீட்டர், 30 ஸ்டேஷன்கள், ஒரு சுற்று வர சுமார் ஒரு மணி நேரம். நான்கைந்து இடத்தில் இறங்கி முத்திரை குத்திவிட்டுத் திரும்பி ஏறுங்கள்.

ரயிலில் இன்னொன்று: ஷிம்பஷியிலிருந்து தொயோசு வரை போகும் யூரிகமோமே. ஓட்டுநர் இல்லாத ரயில், அதனால் முதல் பெட்டியின் முன் சீட்டில் பிள்ளைகளே உட்காரலாம். கடலுக்கு மேலே ரெயின்போ பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் ரயில் ஒரு பெரிய வளையம் போடும். முன் சீட் கிடைக்காவிட்டால் அடுத்த ரயிலுக்குக் காத்திருங்கள், சில நிமிஷத்தில் வந்துவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒதைபா, கடற்கரை. அங்கேயே சாயங்காலம் வரை போய்விடும்.

உவேனோவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். பார்க்குக்குள் 1882-இல் திறந்த உயிரியல் பூங்கா, ஜப்பானிலேயே பழையது. ஆனால் நான் தேர்ந்தெடுக்கச் சொல்வது தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகம். பெரியவர்களுக்கு 630 யென், பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரந்தரக் கண்காட்சி இலவசம். வாசலில் நீலத் திமிங்கிலம், உள்ளே டைனோசர் எலும்புக்கூடுகள். அதோடு ஹச்சிகோ. ஷிபுயா ஸ்டேஷன் வாசலில் நிற்கும் நாய்ச் சிலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் எஜமானர், ஒரு பேராசிரியர், 1925-இல் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். அது தெரியாத நாய் அவர் வழக்கமாக வந்திறங்கும் ஸ்டேஷனில் ஏறக்குறைய 10 வருஷம் காத்திருந்து, 1935 மார்ச்சில் செத்தது. 1934-இல், அது உயிரோடு இருக்கும்போதே வைத்த சிலையைப் போரின்போது உருக்கிவிட்டார்கள். இப்போது நிற்பது 1948-இல் முதல் சிற்பியின் மகன் செய்தது. பலருக்கும் தெரியாத விஷயம், அந்த நாயின் பாடம் செய்யப்பட்ட உடல் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. முதலில் ஷிபுயாவில் சிலையைக் காட்டிக் கதையைச் சொல்லுங்கள், இரண்டு நாள் கழித்து இங்கே கூட்டி வாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் அந்த வெளிர்நிற நாயைப் பார்த்ததும் என் பிள்ளைகள் பேசவே இல்லை. வெளியே வந்த பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. வரிசை மாறினால் இது வெறும் பாடம் செய்த நாயாகத்தான் தெரியும்.

மாமியாருக்காக ஒரு காலை. அசகுசாவின் சென்சோஜி கோயிலுக்கு எப்படியும் போவீர்கள். பெரிய சிவப்பு விளக்கு, கடைத்தெரு, கூட்டம். அங்கிருந்து சுமிதா ஆற்றை ஒட்டி வடக்கே கால் மணி நேரம் நடந்தால் ஒரு சின்னக் குன்றின் மேல் மத்சுசியாமா ஷோதென் என்ற கோயில். அங்கே இருப்பவர் காங்கிதென், நம்ம பிள்ளையாரேதான். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா வழியாக ஜப்பான் வரை போனவர். மூலவரைத் திரை போட்டு மறைத்து வைத்திருப்பார்கள், பார்க்க முடியாது. நைவேத்தியம் என்ன தெரியுமா, முள்ளங்கி. வாசலில் விற்கும் முழு வெள்ளை முள்ளங்கியை வாங்கிச் சன்னிதியில் வைத்துக் கும்பிடுகிறார்கள். தூண், படி, விளக்கு என்று எங்கு திரும்பினாலும் இரட்டை முள்ளங்கியும் சுருக்குப் பையும் செதுக்கியிருக்கும். இதை எண்ணும் வேலையை மகனுக்குக் கொடுங்கள். என் மாமியார் வந்தபோது தோப்புக்கரணம் போடலாமா என்று என்னைக் கேட்டார். போடுங்கள் அத்தை என்றேன். போட்டார். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் அவரைப் பார்த்து முழுதாகக் குனிந்து வணங்கினார். படியேற முடியாதவர்களுக்குக் குன்றின் பக்கவாட்டில் குட்டி ரயில் பெட்டி ஒன்று ஏறி இறங்குகிறது, பிள்ளைகள் அதற்காகவே இரண்டு தடவை போவார்கள். சுற்றுலாக் கூட்டம் அங்கே வருவதில்லை, மணிச் சத்தம் காதில் விழும்.

நகரத்தின் மேற்குப் பக்கம் போக ஒரே ஒரு காரணம் சொல்கிறேன், ஹனேகி பிளே பார்க். செதகயா பகுதியில், ஷின்ஜுகுவிலிருந்து ஒதாக்யு லைனில் உமேகாஓகா ஸ்டேஷன். 1979-இல் தொடங்கியது. பளபளக்கும் சறுக்குமரம் எதுவும் இல்லை. மண், தண்ணீர், பலகை, ஆணி, சுத்தியல், ரம்பம், சில நாள் நெருப்புகூட. பிள்ளைகள் தாங்களே ஏதாவது செய்துகொள்ள வேண்டும். "அவரவர் பொறுப்பில் தாராளமாக விளையாடுங்கள்" என்பதுதான் அந்த இடத்தின் விதி, பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். கவனித்துக்கொள்ளப் பெரியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தேவையில்லாமல் தலையிடமாட்டார்கள். முதல் தடவை என் மகன் ரம்பத்தை எடுத்ததும் நான் ஓடினேன். அங்கிருந்த இளைஞர் என்னைத் தடுக்கவில்லை. அவன் பக்கத்தில் மண்டி போட்டு, பலகையைக் காலால் மிதித்துப் பிடிப்பது எப்படி என்று காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். ஒரு சாண் பலகையை அறுக்க அவனுக்கு 40 நிமிஷம் ஆனது. அந்தத் துண்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பழைய துணி போட்டுக் கூட்டிப்போங்கள், மாற்றுத் துணி கட்டாயம். மொழி தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம், சேற்றில் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள்.

டிஸ்னிலேண்ட் விஷயம். அது டோக்கியோவில் இல்லை, பக்கத்து சிபா மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு நாள் முழுக்கப் போகும், அதில் பாதி வரிசையில். மகள் ஏங்குகிறாள் என்றால் செவ்வாய், புதன்போல வார நடுவில் போங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே கசாய் ரின்காய் பார்க். 117 மீட்டர் உயர ராட்சத ராட்டினம், சூரை மீன்கள் கூட்டமாகச் சுற்றிவரும் பெரிய தொட்டியுள்ள மீன் காட்சியகம், பாட்டி உட்காரக் கடலோரப் புல்வெளி. காட்சியகத்தில் 12 வயது வரை இலவசம்.

மழை வந்தால் இகெபுகுரோவில் தீயணைப்புத் துறையின் பயிற்சி மையம். நிலநடுக்கத்தைப் போல ஆடும் அறையில் மேஜைக்கு அடியில் நுழைவது, புகை நிறைந்த பாதையில் குனிந்து வெளியேறுவது எல்லாம் பிள்ளைகளையே செய்ய வைப்பார்கள். இலவசம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கார்ட்டூன் படங்கள் எடுக்கும் கிப்லி ஸ்டுடியோவின் அருங்காட்சியகம் வேண்டுமென்றால் அதற்கும் முன்பதிவு அவசியம். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி அடுத்த மாதத்து டிக்கெட்டைத் திறப்பார்கள், வாசலில் டிக்கெட் கிடைக்காது. இன்னொன்று, உவேனோ அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் திங்கள் விடுமுறை. இதைப் பார்க்காமல் போய் மூடிய கதவுக்கு முன்னால் நின்றவர்கள் ஏராளம்.

சாப்பாடு. உங்கள் பெரிய கவலை இதுதான் என்று தெரிகிறது, நியாயமான கவலை. இறைச்சி கண்ணுக்குத் தெரியும், தவிர்த்துவிடலாம். சிக்கல் தாஷியில்தான். உலர்த்திய சூரை மீனைச் சீவி, கொதிக்க வைத்து எடுக்கும் சாறு அது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, காய்கறிப் பொரியலின் சாஸ் என்று எல்லாவற்றிலும் இருக்கும். காய்கறி மட்டும்தான் என்று கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொல்வார், அவருக்கு அது மசாலா மாதிரி. அதனால் "இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி சாப்பிடமாட்டோம்" என்று ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி எடுத்துப் போங்கள். தாஷி என்ற சொல் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

தினமும் ஒரு வேளை அறையிலேயே சமாளித்துவிடுங்கள். எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் வெந்த சோறு டப்பாவில் கிடைக்கும், மைக்ரோவேவில் 2 நிமிஷம். பக்கத்திலேயே சர்க்கரை சேர்க்காத தயிர். அந்த ஊர் அரிசி கொஞ்சம் ஒட்டும் அரிசி, பிசைந்தால் தயிர் சாதம் பிரமாதமாக வரும். ஊறுகாய், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் ஊரிலிருந்து கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் பிள்ளைகள் இட்லி கேட்கும்போது நிஷி-கசாய்க்குப் போங்கள். தோசாய் லைன், நீல நிறம், எண் 16. ஐ.டி. வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் 2000-க்குப் பிறகு அதிகமாகக் குடியேறிய பகுதி. இந்திய உணவகம், மளிகைக் கடை எல்லாம் உண்டு. சாப்பிட்டுவிட்டு அடுத்த ஸ்டேஷனான கசாயில் சுரங்க ரயில் அருங்காட்சியகம், ரயில் ஓட்டிப் பார்க்கும் இயந்திரம் அங்கே இருக்கிறது.

சில்லறை விஷயங்கள். தெருவில் குப்பைத் தொட்டி கிடையாது, பையில் ஒரு கவர் வைத்திருங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். டாய்லெட் எங்கும் சுத்தம், ஸ்டேஷன்களில் உண்டு. எஸ்கலேட்டரில் எல்லோரும் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். பிள்ளைகள் இருவர் சட்டைப் பையிலும் ஹோட்டல் அட்டையும் உங்கள் போன் எண்ணும் இருக்கட்டும். தொலைந்துபோனால் கோபன் எனப்படும் தெருமுனை போலீஸ் சாவடிக்குத்தான் யாரும் கொண்டுபோய் விடுவார்கள். பொம்மை உருண்டை விழும் கச்சாபோன் இயந்திரங்கள் வழியெங்கும் கண்ணில் படும். ஒரு தடவைக்கு 300, 400 யென் போகும். நாளைக்கு ஒன்று என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

கடைசி நாள் சாயங்காலத்துக்கு எதுவும் திட்டமிட வேண்டாம். யமனோதே லைனில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நின்று, உவேனோவுக்குக் கூட்டிப்போ என்று மகளிடம் சொல்லிவிட்டு எல்லோரும் இரண்டடி பின்னால் நடங்கள். தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, எண்ணைப் பார்த்து, பிளாட்பாரத்தைத் தேடிப் போவாள். திசை மாறி ஏறிவிட்டாலும் திருத்தாதீர்கள். அது வட்டமாக ஓடும் ரயில். கொஞ்சம் தாமதமாக, ஊரின் இன்னொரு பாதியைக் காட்டிவிட்டு, உவேனோவுக்கே கொண்டுவந்து விடும்.